பகல் நேரத்து மருமகன்

கல்லடி, மட்டக்களப்பு
2025 மார்ச் 3

மனிதவள முகாமையாளர்,
வெண்சங்கு காப்புறுதி நிறுவனம்,
கொழும்பு.

ஐயா அல்லது அம்மணி,

இன்று 2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் மூன்றாந் திகதி. எனக்கு எழுபத்தெட்டு வயதும் நான்கு மாதமும் ஆறு நாளும் ஆகின்றன. வயதை முதலிலேயே எழுதிவிடுவதற்குக் காரணம், இக்கடிதத்தை வாசித்துவிட்டு நீங்கள் கோப்பில் ‘பாவம், வயதான மனுஷி’ என்று குறிப்பெழுதுவதைத் தடுப்பதே. வயதை நான் அறிவேன். பேராதனையில் பொருளியல் கற்றேன். இளைப்பாறும்வரை மாவட்டச் செயலகமான கச்சேரியில் காணிக் கிளையைப் பார்த்துக்கொண்டேன். காலையில் வரவுப் பதிவேட்டில், பிந்தி வருவோரைப் பிரிக்கும் சிவப்புக் கோடு கீறுவதும் என் பொறுப்பாக இருந்தது. கோட்டுக்குக் கீழே ஒப்பமிட்டவர்கள் பலர் இன்றும் வீதியில் என்னைக் கண்டால் மணிக்கூட்டைப் பார்க்கிறார்கள்.

விடயத்துக்கு வருகிறேன். உங்கள் நிறுவனத்தின் வாகன விபத்துப் பிரிவில் பணிபுரிவதாகச் சொல்லிக்கொள்ளும் ஜொய்சன் என்பவர் என் மகள் டினோஷாவின் கணவர். திருமணம் முடித்த நாளிலிருந்து பதினொரு ஆண்டுகள் கொழும்பில் வேலை செய்து, மாதத்தில் இரு தடவை வந்து போனார். அது நல்ல ஏற்பாடு. பெப்ரவரி மாதம் வந்தவர் போகவில்லை. மண்டபத்தில், என் மேசையில், மடிக்கணினியை விரித்து வைத்துக்கொண்டு இருக்கிறார். கேட்டால், “மாமி, இனி வீட்டுல இருந்துதான் வேல. நேரமும் நம்மட வசதிக்குத்தான்” என்கிறார்.

வேலை நேரம் தம் வசதிப்படி என்று சொல்பவர்களில் நான் இரு வகையினரையே கண்டிருக்கிறேன். ஒரு வகை அமைச்சர்கள், மற்றது வேலை போனவர்கள். ஜொய்சன் அமைச்சர் அல்லர்.

நீங்கள் வெளியூரவராக இருந்தால் ஒன்றைச் சொல்லவேண்டும். இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. ஆண், திருமணம் முடித்து மனைவி வீட்டுக்கு வருகிறான். வந்தவன் காலையில் வெளியே போய்ப் பின்னேரம் திரும்ப வேண்டும். பகலில் மாமியார் வீட்டு மண்டபத்தில் ஓர் ஆண் உட்கார்ந்திருந்தால் அதற்கு நோய் அல்லது வேலையின்மை என்ற இரண்டே விளக்கங்கள் உண்டு. அவர் நன்றாகச் சாப்பிடுகிறார். எனவே ஊர் இரண்டாவதைத் தேர்ந்துகொண்டது.

சென்ற ஞாயிறு எங்கள் தேவாலயத்தில், நோயாளிகளுக்கான மன்றாட்டுக்கும் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கான மன்றாட்டுக்கும் இடையில், ‘வேலையிழந்து தவிக்கும் எமது சகோதரன் ஜொய்சனுக்காக’ச் சபை எழுந்து நின்றது. ஜொய்சனும் எழுந்து நின்றார். ஆமெனும் சொன்னார். வெளியே வந்ததும் ஏன் மறுக்கவில்லை என்று கேட்டேன். “எல்லாரும் கண்ண மூடிட்டாங்க மாமி. அதுக்குப் பிறகு எப்படிச் சொல்லுற?” என்றார். நான் ஆமென் சொல்லவில்லை. ஆதாரம் கிடைக்காத விடயத்துக்கு நான் ஆமென் சொல்வதில்லை.

டினோஷா செங்கலடியில் ஆசிரியை. விடிய பஸ் ஏறினால் பகல் கழிந்தே வருவாள். அந்த நேரம் முழுவதும் இந்த வீடு என்னுடையதாக இருந்தது. பத்திரிகையின் ஆசிரியத் தலையங்கத்தை உரத்து வாசித்து, உரத்தே மறுப்பது என் வழக்கம். கடந்த வாரம் தலையங்கத்தின் இரண்டாம் பந்தியில் ஜொய்சன் என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். வீட்டை மகளின் பெயருக்கு எழுதிக் கொடுத்தேன் என்பது உண்மை. பகற்பொழுதை எழுதிக் கொடுக்கவில்லை.

அவர் உங்கள் ஊழியரா, இல்லையா? ஊழியரென்றால் கதவும் கதிரையும் மேலதிகாரியும் உள்ள ஒரு கந்தோருக்கு அவரைத் திருப்பி அழையுங்கள். எழுத்தில் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
பீற்றிஸ் ஞானமுத்து (திருமதி)


கொழும்பு
2025 மார்ச் 11

மதிப்புக்குரிய அம்மா,

தங்கள் கடிதம் கிடைத்தது. நான் றம்லா ஹலீம், மனிதவள முகாமையாளர். இந்த நிறுவனத்துக்குக் கடைசியாகத் தபாலில் கடிதம் வந்தது எப்போது என்று எவருக்கும் நினைவில்லை. வாயிற்காவலர் அதை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

திரு. ஜொய்சன் வேலை இழக்கவில்லை. அவர் எமது நெகிழ்வான வேலை ஏற்பாட்டின் முதலாவது ஊழியர். பெப்ரவரி தொடக்கம் ஆறு மாதங்களுக்கு, தாம் விரும்பும் இடத்திலிருந்து, நாளாந்த இலக்கை முடிக்கும் நேரத்தைத் தாமே தீர்மானித்து வேலை செய்யலாம். அவருடைய முயற்சி வெற்றி பெற்றால் மற்றவர்களுக்கும் இந்த வசதி கிடைக்கும். விண்ணப்பித்துக் காத்திருப்போர் எட்டுப் பேர். பணிப்பாளர் திரு. ரணவீர ஒரேயொரு நிபந்தனை விதித்திருக்கிறார்: வாடிக்கையாளரிடமிருந்தோ வீட்டாரிடமிருந்தோ முறைப்பாடு வரக்கூடாது. தங்கள் கடிதத்தை நான் முறைப்பாடாகப் பதியவில்லை. ‘விசாரிப்பு’ என்று பதிந்திருக்கிறேன். பணிப்பாளருக்குத் தமிழ் வாசிக்க வராது. ‘குடும்பத்தினர் மிகுந்த அக்கறை காட்டுகின்றனர்’ என்று சுருக்கம் சொன்னேன். அது பொய்யல்ல என்று நம்புகிறேன்.

நான் வெளியூரவள் அல்ல. ஓட்டமாவடிக்காரி. எங்களிடமும் வீடு பெண்ணுக்குத்தான். பகலில் வீட்டில் இருக்கும் மருமகனைப் பற்றி ஊர் என்ன பேசும் என்பதை நான் அறிவேன். வேறு வழி தெரியும்வரை, காலையில் அவர் ஒரு தரம் வெளியே போய்வந்தால் பேச்சுக் குறையுமோ? இது ஓர் ஆலோசனை மட்டுமே.

தங்கள் அன்புள்ள,
றம்லா ஹலீம்


கல்லடி
2025 மார்ச் 24

அம்மணி,

உங்களைப் பெற்றவள் நானல்லாததால் ‘அம்மையீர்’ போதுமானது.

உங்கள் ஆலோசனையை நடைமுறைப்படுத்தினோம். விளைவைக் கேளுங்கள்.

காலையில் சப்பாத்தும் நீளக் காற்சட்டையும் அணிந்து, பையுடன் ஜொய்சன் முன்வாசலால் புறப்பட்டார். நான் வாசலில் நின்று, வீதிக்குக் கேட்கும்படி “கவனமாகப் போய் வாருங்கள்” என்றேன். அவர் பிரதான வீதியால் நடந்து, வாவிக்கரை ஒழுங்கையில் திரும்பி, எங்கள் பின்வேலியின் கடப்பால் குனிந்து வீட்டுக்குள் வந்து வேலையைத் தொடங்கினார். திட்டம் என்னுடையது. அதில் குறையிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நான்காம் நாள் பின்வீட்டு ஆச்சிப்பிள்ளை வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

“அக்கா, சொல்லுறன் எண்டு குறை நினையாதீங்க. உங்கட மருமகன் வேலைக்குப் போற மாதிரி முன்னால போய், பின் கடப்பால கிறுகி வாறாருகா. வேல போனத்த டினோஷாக்கு ஒளிக்கிறாரு போல. பாவம் அந்தப் புள்ள.”

“நீ ஏன் எங்கள் கடப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாய்?” என்றேன்.

“நான் பாக்கல்லக்கா. நேத்தும் பாக்கல்ல, முந்தநாளும் பாக்கல்ல.”

ஆகவே முன்னர் வேலையில்லாதவராக மட்டும் இருந்த மருமகன், உங்கள் ஆலோசனையால் இப்போது வேலையில்லாத பொய்யராகவும் ஆகிவிட்டார். மறுநாள் யோகராசா வந்தார். சந்தைக்கருகில் மீனுக்கு ஐஸ் போடும் வாடி வைத்திருப்பவர், நல்ல மனிதர், கதவைத் தட்டிப் பழக்கமில்லாதவர். நேரே மண்டபத்துக்குள் வந்து, ஜொய்சனின் தோளில் கையை வைத்து, “மனே, அந்தப் பெட்டிய மூடிப்போட்டு வா. நம்மட வாடியில எழுத்துவேலைக்கு ஆள் தேவைப்படுகு. படிச்ச புள்ள, இதுல வெக்கப்பட ஒண்டுமில்ல” என்றார். பெட்டிக்குள் உங்கள் நிறுவனத்தின் மாதாந்தக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. நீங்களும் அதில் இருந்ததாக ஜொய்சன் சொன்னார். இருந்தீர்களாயின் யோகராசா உடுத்திருந்த சாரத்தையும் கண்டிருப்பீர்கள்.

நான் எழுதுவது விசாரிப்பல்ல. முறைப்பாடு.

பீற்றிஸ் ஞானமுத்து


ஓட்டமாவடி
2025 ஏப்ரல் 4

மதிப்புக்குரிய அம்மையீர்,

பெருநாளுக்கு வந்த இடத்திலிருந்து எழுதுகிறேன். யோகராசா அவர்களைக் கண்டேன். கூட்டத்தில் இருந்தவர்கள் அவரை உங்கள் வீட்டு மூத்தவர் என்று நினைத்து எழுந்து வணக்கம் சொன்னார்கள். ஐஸ் வாடி வேலையை ஜொய்சன் மறுத்த விதம் மிகவும் பண்பாக இருந்ததென்று பணிப்பாளர் பாராட்டினார். அவருக்கு விளங்கியது அவ்வளவுதான்.

தயவுசெய்து இன்னும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஏன் கேட்கிறேன் என்பதைச் சொல்லிவிடுவது நேர்மை. காத்திருக்கும் எட்டுப் பேரில் நானும் ஒருத்தி. உம்மா எனக்காகக் கட்டிய வீடு இது. என் கணவர் ஸாஹிர் இங்கே நெல் ஆலை நடத்துகிறார். நானோ கொழும்பில் ஒரு விடுதி அறையில். வெள்ளி இரவு பஸ்ஸில் வந்து ஞாயிறு திரும்பிப் போகிறேன். என் வீட்டில் என்னைவிட என் கணவரே அதிகம் இருக்கிறார். அவரும் என் உம்மாவும் பாயாசத்துக்குச் சீனி போடுவதா சர்க்கரை போடுவதா என்று தீர்மானித்துவிட்டு எனக்கு அறிவிக்கிறார்கள். நேற்று உம்மா சொல்கிறார்: “மருமவன் தங்கமான மனிசன். நீ வந்தாத்தான் புள்ள இந்த வீட்டுல சத்தம்.” எனது வீட்டில் நான் விருந்தாளி. சிரிப்பதற்காகவே எழுதினேன். எழுதி முடித்தபோது சிரிப்பு வரவில்லை.

தங்கள் வளவில் பழைய தோணிக் கொட்டில் ஒன்று இருப்பதாக ஜொய்சன் சொன்னார். அதைப் பணியிடமாக மாற்றலாமே? மேசை, மின்விசிறி, பெயர்ப்பலகை எல்லாம் நிறுவனம் தரும். பெயர்ப்பலகையைக் கண்டால் ஊருக்கும் சந்தேகம் தீரும்.

றம்லா


கல்லடி
2025 மே 2

அம்மையீர்,

சந்தேகம் தீர்ந்தது. அதன் இடத்துக்கு நம்பிக்கை வந்திருக்கிறது. அது அதைவிடத் தொல்லை.

பலகை மாட்டிய மறுநாள் காலையில் கொட்டில் வாசலில் வரிசை. முதலில் நின்றவர் மீன் விற்கும் முகைதீன்பாவா. “அம்மா, நம்மட மோட்டச்சைக்கிள் மாட்டோட மோதிப் போச்சி. இதுதானே மாட்டுக் கேசெல்லாம் பாக்கிற கந்தோர்?” என்றார். உங்கள் நிறுவனத்தில் அவர் காப்புறுதி எடுத்திருக்கிறாரா என்று கேட்டேன். “இல்ல. இனி எடுக்கலாமே. மாடு எங்கயும் போகல்ல” என்றார். இரண்டாமவர் மின்கட்டணத்துடன் வந்திருந்தார். மூன்றாவதாக ஆச்சிப்பிள்ளை. அவளுக்கு எந்தக் காரியமும் இல்லை. வரிசையைக் கண்டதும் வந்து நின்றுகொண்டாள். யாரோ ஒருவர் இந்த வரிசையை ஒழுங்குபடுத்த வேண்டியிருந்தது. கதிரை ஒன்றைக் கொட்டில் வாசலில் போட்டு உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த பின் சும்மா இருக்க என்னால் இயலாது. ஒரு பதிவேடு திறந்து ஜொய்சனை ஒப்பமிடச் செய்தேன். இங்கேதான் உங்கள் ஏற்பாட்டின் அடிப்படைக் குறை வெளிப்பட்டது. விடியமுன் வேலையைத் தொடங்கி, காலையில் நிறுத்தி, பகல் கழிந்து மறுபடி தொடங்கும் ஒரு மனிதனுக்குச் சிவப்புக் கோட்டை எங்கே கீறுவது? வாழ்நாளில் முதற்தடவையாகப் பேனையைத் தூக்கிப் பிடித்தபடி கோடு கீற இடமில்லாமல் இருந்தேன். ஆகவே வேறு முறையைக் கைக்கொண்டேன். பின்னேரம் கொட்டிலைப் பூட்டும்போது “இன்று என்ன செய்தீர்கள்?” என்று கேட்பேன். அவர் நின்று பதில் சொல்ல வேண்டும். வாகரை வீதியில் லொறி மதகில் ஏறிய கதை, தமது காரைத் தாமே இடித்துவிட்டுத் தென்னை மரத்தில் பழிபோட்ட வைத்தியரின் கதை என்று ஒவ்வொரு நாளும் ஒன்று சொல்கிறார். வேலை செய்கிறார் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். தென்னை மர வழக்கில் அவர் செய்த முடிவு சரியானதே.

ஆனால் சென்ற செவ்வாய்க்கிழமை நடந்ததை ஏற்கமாட்டேன். காலை பத்து மணி. கந்தோர்கள் எல்லாம் உயிர்ப்புடன் இருக்கும் நேரம். வெண்சங்கு காப்புறுதி நிறுவனத்தின் பெயர்ப்பலகைக்கு நேரெதிரே, வாவியில் முழங்காலளவு நீரில், உங்கள் ஊழியர் வீச்சுவலையுடன் நிற்கிறார். அவர் மாங்கேணியில் பிறந்தவர், வலை வீசத் தெரியும். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் கரைக்கு வந்து ஆலோசனை சொல்கிறார்கள். “வலப்பக்கம் எறிங்க சேர், அங்கதான் குமியுது” என்கிறார் மின்கட்டணக்காரர்.

“இது என்ன?” என்றேன்.

“மாமி, விடியச்சாமம் எழும்பி இண்டையான் வேலய முடிச்சிட்டன். இறால் பாருங்க, எப்படி இரிக்கி!”

இறால் நன்றாகத்தான் இருந்தது. சமைத்தேன். ஆயினும் கொள்கை என்று ஒன்று உண்டு. உங்களிடமிருந்து விரைவான நடவடிக்கையை எதிர்பார்க்க முடியாததால், இவ்விடயத்தைப் பணிப்பாளருக்கு நேரடியாக ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறேன்.

பீற்றிஸ் ஞானமுத்து


கொழும்பு
2025 மே 20

அம்மையீர்,

ஏன் இப்படிச் செய்தீர்கள்?

மூன்று பக்கம், பிழையில்லாத ஆங்கிலம். பணிப்பாளர் அதை என் மேசையில் வைத்து, “இதற்கும் ‘அக்கறை’ என்று சுருக்கம் எழுதுவீர்களா?” என்று கேட்டார். இவ்வளவு நாளும் உங்கள் கடிதங்களுக்கு நான் கொடுத்த சுருக்கங்கள் எல்லாவற்றையும் இப்போது சந்தேகிக்கிறார். சந்தேகிப்பதில் தவறும் இல்லை.

நிபந்தனை மீறப்பட்டுவிட்டது. ஜூலை முதலாந் திகதியிலிருந்து ஜொய்சன் கொழும்புக்குத் திரும்ப வேண்டிவரும். டினோஷாவுக்குக் கொழும்பில் இடமாற்றம் கிடைக்காது. பதினொரு வருடம் மாதத்தில் இரண்டு தடவை புருஷனைக் கண்ட பிள்ளை மறுகாலும் அதே மாதிரி இருக்கட்டும், இல்லையா? மற்ற எட்டுப் பேரின் விண்ணப்பங்களும் மேசை லாச்சிக்குள் போய்விட்டன. என்னுடையதும்.

நான் ஓட்டமாவடிக்காரி. கோபம் வந்தால் எனக்கு மரியாதைத் தமிழ் வராது. அதனால் உம்மாவின் பேச்சிலேயே கேட்கிறேன்: அந்த மனிசன் வேலய முடிச்சிப்போட்டு உங்களுக்குக் கறிக்கு இறால் புடிச்சித் தந்தா, அதுல என்ன குத்தம் கண்டீங்க?

மே 28 அன்று பணிப்பாளர் ஜொய்சனுடன் கணினி வழியே நேரில் பேசி முடிவு செய்வார். இருவரும் சிங்களத்தில்தான் பேசுவார்கள். தலையங்கத்தைத் தாராளமாக வாசியுங்கள். அவர்கள் பேசுவது உங்களுக்கு விளங்கப்போவதில்லை. விளங்கினாலும் உங்களுக்கு அக்கறை இருக்கப்போவதில்லை.

றம்லா


கல்லடி
2025 மே 24

அம்மையீர்,

நான் கோரியது மேற்பார்வையை. நாடு கடத்தலை அல்ல. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஒருவர் எவ்வாறு பணிப்பாளரானார்?

உங்கள் உம்மாவின் நடையில் எழுதிய வாக்கியம் உங்கள் மற்றெல்லா வாக்கியங்களைவிடவும் நன்றாக இருந்தது.

பீ. ஞானமுத்து


கொழும்பு
2025 மே 31

அம்மையீர்,

நீங்கள் வென்றுவிட்டீர்கள். பேச்சு முடிந்தது. கொழும்புக்குத் திரும்ப ஜொய்சன் தாமாகவே சம்மதித்துவிட்டார்.

என்ன நடந்ததென்று இருவருமே சொல்லவில்லை. பணிப்பாளர், “அவனுக்காக நான் வாதாடினேன், அவன் கேட்கவில்லை” என்கிறார். ஜொய்சனைக் கேட்டால், “விடுங்க மிஸ், அது அப்படித்தான் நல்லம்” என்கிறார். வேண்டிய ஒருவரே வேண்டாமென்ற பிறகு மற்ற எட்டுப் பேருக்காக நான் எதைச் சொல்லிக் கேட்பது? ஸாஹிருக்கும் சொல்லிவிட்டேன். உம்மா அவரிடமிருந்து ஃபோனை வாங்கி, “அப்ப அந்த அறைக்குள்ள நெல்ல அடுக்கவா?” என்று கேட்டார். என் அறையை.

இனி எழுத எதுவும் இல்லை. தங்கள் பகற்பொழுது ஜூலையிலிருந்து தங்களுக்கே.

றம்லா ஹலீம்


கொழும்பு
2025 ஜூன் 11

அம்மையீர்,

அவசரமாக எழுதுகிறேன். இன்று காலை பணிப்பாளர் என்னைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்! ஜொய்சன் அங்கேயே இருக்கலாம். பரீட்சார்த்தக் காலம் முடிந்தது, வெற்றி. ஓகஸ்டிலிருந்து எட்டுப் பேருக்கும் அனுமதி. நான் ஓட்டமாவடியிலிருந்து வேலை செய்யலாம், மாதத்தில் ஒரு தடவை கொழும்புக்கு வந்தால் போதும்.

காரணம் கேட்டேன். அவர் சிரிக்கிறார். இந்த மனிதரை நான் சிரித்துக் கண்டதில்லை. “மட்டக்களப்பு அம்மையாரைக் கேளுங்கள். சொல்வதில்லை என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்” என்கிறார்.

என்ன செய்தீர்கள்? மறுபடியும் ஆங்கிலமா?

றம்லா


கல்லடி
2025 ஜூன் 16

அன்புள்ள றம்லா,

ஆங்கிலம் அல்ல.

மே 28 அன்று கொட்டிலில் மின்சாரம் இல்லை. ஆகவே ஜொய்சன் மண்டபத்தில் உட்கார்ந்து பேசினார். நான் இரண்டு கதிரை தள்ளி இறால் உரித்துக்கொண்டிருந்தேன். என்னை உள்ளே போகும்படி அவர் கேட்கவில்லை. பேச்சு சிங்களத்தில் நடந்ததால், என்னை மூன்றாவது கதிரையாகவே இருவரும் கருதினர்.

உன் பணிப்பாளர் முதலில் கேட்டார்: “உன் மாமியார் எழுதியது உண்மையா?”

“ஒவ்வொரு சொல்லும் உண்மை, சேர். அவருக்குப் பொய் எழுதத் தெரியாது” என்றார் ஜொய்சன்.

“இப்படிப்பட்ட ஒரு மனுஷியோடு ஒரே வீட்டில் எப்படி வேலை செய்கிறாய்?”

இந்த இடத்தில் ஜொய்சன் என்னை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். நான் இறாலைப் பார்த்தேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். “கஷ்டம்தான் சேர். பத்திரிகையோடு சண்டை பிடிப்பார். கறியில் உப்பே இராது. பதினொரு வருடமாகச் சிரித்துக்கொண்டே சாப்பிடுகிறேன். ஆனால் கொழும்பில் அத்தனை வருடம் வேலை செய்தேன், இலக்கு முடிந்ததா என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். இன்றைக்கு என்ன செய்தாய் என்று கேட்டு, பதில் முடியும்வரை நின்று கேட்ட ஒரே ஆள் இவர். இறந்துபோன மாமாவின் இடத்தில் வைத்து நான் பேச இந்த வீட்டில் இவரைத் தவிர எனக்கு யாருமில்லை.”

“அப்படியென்றால் அங்கேயே இரு. கடிதத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார் பணிப்பாளர். அவர் வாதாடினார் என்பது சரியே.

“இல்லை சேர். இது அவருடைய வீடு, அவருடைய பகல். இந்த வயதில் அவரை வாய் மூடிக்கொண்டு இருக்கச் சொல்ல நான் யார்? நான் வந்துவிடுகிறேன்.”

அத்துடன் கணினியை மூடிவிட்டு, “மாமி, இறால் உரிக்கக் கை தரவா?” என்று என்னைத் தமிழில் கேட்டார். வேண்டாமென்றேன்.

என் முறைப்பாட்டின் பேரில் எவராவது வெளியேற்றப்படுவதை நான் எதிர்க்கமாட்டேன். எனக்காக ஒருவர் தாமாக வெளியேறுவது வேறு விடயம். அதற்கு நான் அனுமதி கொடுக்கவில்லை. சில நாள் யோசித்துவிட்டு, பணிப்பாளருக்கு நான்கு பக்கக் கடிதம் ஒன்றைக் கையால் எழுதினேன். முறைப்பாட்டை மீளப் பெற்றேன். பேசப்பட்டதை அவருக்கே நினைவூட்டினேன். அவருடைய இலக்கணப் பிழை ஒன்றையும் சுட்டிக்காட்டினேன். அவர் உடனே தொலைபேசியில் அழைத்தார். நெடுநேரம் பேசினோம். மேற்பார்வையையும் நாடு கடத்தலையும் பிரித்தறியக் கற்றுக்கொண்டார். மனிதர் மோசமில்லை.

பதிவேட்டை மூடிவிட்டேன். பின்னேரக் கேள்வி தொடரும். வரிசையை ஆச்சிப்பிள்ளை பார்த்துக்கொள்கிறாள். தலையங்கத்தைக் கொட்டிலுக்குக் கேட்காத தூரத்தில் வாசிக்கிறேன். உப்பைப் பற்றிய அவருடைய கருத்தை நான் ஏற்கவில்லை. எனக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது. அவர் வேண்டுமானால் மேசையில் போட்டுக்கொள்ளட்டும். உன் அறையில் நெல் அடுக்கியிருந்தால் உடனே இறக்கச் சொல்.

நான் ஆங்கிலத்தில் எழுதவில்லை என்றேன். அந்த நான்கு பக்கமும் சிங்களத்தில் எழுதியவை. இதை ஜொய்சனுக்கோ டினோஷாவுக்கோ சொல்லக்கூடாது. ஜொய்சன் என் முன்னிலையில் தம் கொழும்பு நண்பர்களுடன் பதினொரு ஆண்டுகளாகத் தாராளமாகப் பேசிவருகிறார். அந்தத் தாராளத்தை நான் இழக்க விரும்பவில்லை. உனக்குச் சொல்வதற்குக் காரணம், நீ கேட்டாய் என்பது மட்டுமே. இதுவரை எவரும் கேட்கவில்லை.

பேராதனை விடுதியில் என் அறைத்தோழி ஒரு மாத்தறைப் பெண். நான் கச்சேரியில் சேர்ந்த காலத்தில் அரச உத்தியோகத்தர் சிங்களப் பரீட்சையில் சித்தியடைய வேண்டுமென்று இருந்தது. என் கணவர் ஞானமுத்துவும் அதே கச்சேரியில் எழுதுவினைஞர். அந்தப் பரீட்சைக்கு ஒருபோதும் தோற்றமாட்டேன் என்று அவர் கச்சேரி வாசலில் நின்று பிரகடனம் செய்தார். மாலை போட்டார்கள். வேலை போயிற்று. அதே மாதம், சிநேகிதியின் திருமணம் என்று சொல்லிவிட்டுக் கண்டிக்குப் போய், நான் அந்தப் பரீட்சையை எழுதினேன். திறமைச் சித்தி. சம்பள உயர்வும் பதவி உயர்வும் அதனால் வந்தன. சான்று கோப்பில் இருந்தது, கோப்புகளின் சாவி என்னிடம் இருந்தது. சிங்களத்தில் பேச வந்தவர்களுக்கு மொழிபெயர்ப்பாளரையே வைத்துக்கொண்டேன். அவர் பெயர்த்து முடிப்பதற்குள் பதிலை யோசிக்க எனக்கு நேரம் கிடைத்தது.

ஞானமுத்து இறக்கும்வரை, தலைகுனியாமல் நின்ற தமது கொள்கையால்தான் இந்தக் குடும்பம் வாழ்ந்ததென்று நம்பினார். வாழ்ந்தது என் சிங்களத்தால்.

பீற்றிஸ் ஞானமுத்து